இருநாட்டு வன்மதுவும் தொண்டைநாட்டுத் தோப்பியும்

மதுவென்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரையே முகஞ்சுளிக்கும் குடும்பத்திற் பிறந்தவன் யான். ஆயினும், மது ஆக்குந் தொழிலைப்பற்றி இவ்வாண்டு மலரில் ஒரு கட்டுரை வரையத் துணிந்தேன். குடித்தல் வேறு, குடிக்கப்படுவதனை ஆக்குந் தொழிலின் திறம் வேறு. முன்னதைப் பழிப்போர் பின்னதை ஆராயாமலே பழித்தல் நேர்மையன்று. பின்னதை வியப்போர் முன்னதன் கேட்டினை மறைத்தலும் நேர்மையன்று. இவ்விரண்டனையும் மனத்திற்கொண்டே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய ஐந்நூறு அடிகொண்ட அப்பாட்டு, சென்ற பருவத்தில் எங்கள் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற்குப் பாடமாயிற்று. அதன்கண் பாணன் செல்லும் வழியெல்லாம் தொண்டைநாட்டு வழி. ஆதலால் திருவள்ளூர் மாவட்டத்தானாகிய எனக்கு அது பிறந்த ஊர்ப்பக்கத்துச் செய்தியாகவே தோன்றிற்று. வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து, அவர்கள் இளைத்துவந்த விருந்தினனுக்குச் சுட்ட மீனோடு ஒரு நறும்பிழியை அளிப்பர் என்று புலவர் கூறி, அப்பிழி ஆக்கும் முறையையும் உடன்கூறுகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயையுடைய தட்டிலிட்டு ஆற்றுவர். பின்னர், பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் புற்றாஞ்சோற்றைப் போன்ற தோற்றமுடைய நல்ல அடையை அதனோடு கலந்து பிசைவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். இதுவே அம்முறை. தமிழில் இத்துணைத் தெளிவாக ஒரு தொழில்முறையைக் கூறும் பழைய இடங்கள் சிலவே.

அடை என்பதற்கு நெல்முளை என்று உரைகாரர் பொருள்கொண்டனர். அவ்வுரை இல்லையேல் இப்பகுதி நமக்கு விளங்காது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தியிராவிடின், உரையும் ஓலையோடு அழிந்திருத்தல் கூடும். எங்கள் வீட்டில் நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டுவது வழக்கம். சாக்கைப் பிரிக்குங்கால் வேரும் வேரும் பின்னி நெல் முழுதும் ஓர் அடையாகக் கிடக்கும். புற்றாஞ்சோற்றை உவமைகூறிய புலவர் முளைநெல்லைக் கண்ணாற் கண்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முளைநெல் எதற்கு என்று சில நண்பர் வினவினர். அரிசியிலும் பார்லியிலும் இருப்பது மாவுப்பொருள். மாவுப்பொருள் நேரே மதுவாகாது. அது முன்னர்ச் சர்க்கரையாதல் வேண்டும். வித்து முளைக்குங்கால் அதனுள் தோன்றும் ஒரு பொருள் மாவைச் சர்க்கரையாக்குகின்றது. பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞராகிய பாயன், பெர்சோ என்னும் இருவர் 1833-இல் அதனைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். சர்க்கரையை மதுவாக்குவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்; இதனைப் பாஸ்டர் தம் ஆய்வுகளால் நிலைநாட்டி, பீரைப்பற்றிய தம் நூலை 1876-இல் வெளியிட்டார். காரணம் அறிவதற்கு முன்னரே காரியத்தைச் செய்துவந்தவர் நம் வலைஞரும் ஐரோப்பியக் குடியானவரும்.

இனி, ஐரோப்பாவிலே இத்தொழிலை எங்ஙனம் செய்தனர் என்று அறியும் அவாவினால் நூலகத்திற் சில நூல்களைப் பயின்றேன். அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்னும் இருநாட்டாரும் வன்மையான ஏல் என்னும் மதுவை ஆக்கிய முறைகளின் வேறுபாடு. ஒரே தீவில் அடுத்தடுத்து வாழ்ந்தோர், ஒரே பார்லிமுளையையும் ஒரே ஹாப்ஸ் என்னும் கைப்புப் பூவையும் கொண்டு, இருவேறு வழியிற் சென்றனர். ஸ்காட்லாந்தியர் இவற்றுள் ஹாப்ஸைத் தம் நாட்டில் விளைவித்திலர். இங்கிலாந்தின் கெண்ட் முதலிய இடங்களிலிருந்தே பெற்றனர்.

ஆங்கிலேயர் முறையை நம் அடுக்களையைக்கொண்டே விளக்கலாம். துருவிய தேங்காயைப் பிழிந்து முதற்பால் எடுக்கின்றோம். அதே துருவலில் நீர்வார்த்து இரண்டாம்பாலும் மூன்றாம்பாலும் எடுக்கின்றோம். அதுபோலவே, இடித்த பார்லிமுளையில் வெந்நீர் வார்த்து ஊறவைத்து முதற்சாற்றை வடித்து, அதனை வன்மதுவுக்குக் கொண்டனர். அதே முளையில் மீண்டும் மீண்டும் வெந்நீர் வார்த்துப் பெற்ற சாறுகளை நடுத்தர மதுவுக்கும், வேலையாளும் சிறுவரும் உண்ணும் மெல்லிய மதுவுக்கும் கொண்டனர். செல்வர் மனைகளில் அக்டோபர்த் திங்களில் வடிக்கப்பட்ட வன்மது ஓராண்டும் அதற்கு மேலும் நிலவறையிற் கிடந்து முதிர்ந்தது. மகன் பிறந்தபோது வடித்துவைத்த பீப்பாயை அவனுக்கு 21 வயது நிரம்பிய நாளில் திறக்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

ஸ்காட்லாந்தியரோ முளையை ஒரேமுறை ஊறவைத்தனர். அதன்பின் மேலிருந்து மழைத்தூறல்போல வெந்நீரைத் தெளித்துக்கொண்டே, அடியில் சாற்றை இடைவிடாது வடியவிட்டனர். காப்பி வடிகட்டியிற் சிறிது சிறிதாக வெந்நீர் வார்த்து முதல் வடிநீர் இறக்குவாரைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பிற்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, இத்தெளிப்புமுறையை ஆங்கிலேயரும் மேற்கொண்டனர்.

வேறுபாடு இதனோடு நின்றிலது. ஸ்காட்லாந்து முறையை விரித்துரைத்த டபிள்யூ. எச். ராபர்ட்ஸ் என்பாரது நூலின் 1847-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றது. ஸ்காட்லாந்தியர் ஏறத்தாழ 50 பாரன்ஹீட் பாகைக் குளிரில் ஈஸ்ட்டைச் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் மெல்ல மெல்லப் புளிக்கவிட்டனர் என்றும், ஆங்கிலேயர் அதனினும் மிக்க வெப்பத்தில் விரைந்து முடித்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். நீரின் நிறை 1000 எனக்கொண்டால், வன்மதுவுக்குரிய சாற்றின் நிறை 1080 முதல் 1120 வரை இருந்தது. இங்ஙனம் நிறைகாணும் கருவியைப் பயன்படுத்தும் முறையை யார்க்ஷயரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்ஸன் 1784-இல் நூலாக வெளியிட்டிருந்தமையால், 19-ஆம் நூற்றாண்டின் தொழிலாளர் நாவை மட்டும் நம்பவேண்டிய நிலையினின்று நீங்கினர். ஒவ்வொரு நாளும் வெப்பம் இவ்வளவு, சாற்றின் நிறை இவ்வளவு என்று அட்டவணை எழுதி வைத்தனர்.

இவ்வட்டவணைகளால் விளைந்த பயன் பெரிது. ஸ்காட்லாந்து மதுவைப்பற்றிப் பல கதைகள் பிற்காலத்தில் நூலிலிருந்து நூலுக்குத் தாவின. அங்கே ஹாப்ஸ் விளையாமையின் அதனை மிகக் குறைவாகவே இட்டனர் என்பர் சிலர். சாற்றை நெடுநேரம் காய்ச்சிக் கருக்கினர் என்பர் சிலர். நிலக்கரி போலப் பூமியில் வெட்டியெடுக்கும் பீட் என்னும் புற்கரியின் புகையில் முளையை உலர்த்தினர் என்பர் வேறு சிலர். எடின்பரோவின் வில்லியம் யங்கர் முதலிய ஆலைகளின் கணக்கேடுகளை ரான் பாட்டின்சன் என்னும் இக்காலத்து ஆராய்ச்சியாளர் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்தார். ஹாப்ஸின் அளவும் காய்ச்சிய நேரமும் அக்கதைகளோடு பொருந்தவில்லை; வெப்பத்தின் வேறுபாடும் பின்னாளில் மிகச் சுருங்கிவிட்டது. இருநாட்டு முறைகளும் நாளடைவில் ஒன்றையொன்று நெருங்கியதே உண்மை. எழுதிவைத்த கணக்கு எழுதாத கதையை வென்றது. இந்நிகழ்ச்சியை நான் மறக்கவில்லை. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அதுவே அடிப்படை.

இவ்விரு நாட்டாரது மதுவும் நம் கரையை அடைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் போ என்னுமிடத்து ஹாட்ஜ்ஸன் ஆலையின் பீர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. பர்ட்டன் நகரத்தார் தம் வன்மதுவை ருஷ்யாவுக்கு விற்றுவந்தனர். 1822-இல் ருஷ்யா விதித்த சுங்கவரியால் அவ்வாணிகம் தடைப்படவே, அவருள் ஆல்ஸாப் முதலியோர் இந்தியாவை நோக்கினர். எடின்பரோ ஆலைக்காரரும் அவ்வழியே தொடர்ந்தனர். இந்தியாவுக்கென வடித்த வெளிறிய ஏல் கடற்பயணத்தைத் தாங்குமாறு மிக வன்மையாக ஆக்கப்பட்டது என்பதும் ஒரு கதையே, அக்காலத்து வன்மதுக்களோடு ஒப்பிட அது மென்மையானதே, ஹாப்ஸ்தான் மிகுதி. பின்னர், 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்தியர் தென்னிந்திய மது ஆலைகள் ஐந்தினை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். இன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பார்லிமுளையிலிருந்து பீர் வடிக்கும் ஆலைகள் இயங்குகின்றன. வலைஞரின் சாடி மறைந்த நிலத்தில் எஃகுத் தொட்டிகள் நிற்கின்றன.

நிற்க. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியை நோக்கிய ஒரு சிற்றூர். என் தந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலைசெய்கின்றார். அவருடைய தந்தையார், என் பாட்டனார், பனையேறி. கோடை விடுமுறையில் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை அவருக்கு வாசித்துப் பொருள்சொன்னேன். அவர் மூன்றாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். கேட்டு முடித்தவுடன், "நைனா, இது கோடையிலே செய்தது இல்லை. ரெண்டு பகல் ரெண்டு ராவு தாங்குதுன்னா கார்த்திகை மார்கழியா இருக்கணும். சித்திரையிலே இந்தக் களி மறுநாளே புளிச்சுக் கெட்டுப்போகும்" என்றார். சாடியின் வாய் வலியதென்று புலவர் ஏன் தனித்துக் கூறினார் என்று கேட்டேன். "பொங்கற பொருளை மூடிவைச்சா வாயோரம்தான் முதல்லே விரியும்" என்று விடையிறுத்தார். எங்கள் வகுப்பில் ஒருவரும் கேளாத வினாவுக்கு அவர் விடையுரைத்தார்.

அவர் கூறியதைக்கொண்டு இருநாட்டு முறைகளையும் மீண்டும் எண்ணிப்பார்த்தேன். ஸ்காட்லாந்தியன் மூன்று வாரம் காத்திருந்தது பொறுமையால் அன்று, குளிரால். அவன் வேனிற்காலத்தில் தொழிலையே நிறுத்திவிட்டான். தொண்டைநாட்டு வலைஞன் இரண்டு நாளில் முடித்தது அவசரத்தாலன்று, வெப்பத்தால். நம் நாட்டிலும் மதுவை முதிரவைக்க விரும்பியோர் உளர். அவர் அதனை நிலத்திற் புதைத்தனர் என்றும், மூங்கிற் குழாயில் அடைத்தனர் என்றும் சங்கச் செய்யுட்கள் கூறுகின்றன. மண்ணின் ஆழத்தில் வெப்பம் மாறாது நிற்கும். ஆங்கிலேயனது நிலவறை செய்த தொழிலை நம்மவர் குழி செய்தது. அங்ஙனம் நாட்பட்ட தேறலின் கடுமைக்குத் தேளின் கடுப்பையும் பாம்பின் வெகுளியையும் உவமை கூறிய புலவர்கள், அளவுகருவி இல்லாமலே அதன் வன்மையை அளந்துவிட்டனர்.

பாட்டனார் செய்த தொழிலுக்கு முளை வேண்டா, அடுப்பு வேண்டா. பனம்பாளையிற் சுரப்பதே சர்க்கரைநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளியாது பதநீராகும், தடவாவிடின் சில நாழிகையில் கள்ளாகும், மறுநாள் காடியாகும். ஆகவே கள்ளை நாட்படவைத்தல் இயலாது, வன்மதுவாகவும் ஆகாது. அதன் திறம் முழுதும் பாளை சீவுதலில் இருக்கின்றது. தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அரிவாளைத் தீட்டி, காலையும் மாலையும் மரமேறி, தாளின் கனமாகப் பாளையைச் சீவுதல் வேண்டும். ஒரு நெல்லளவு மிகுத்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோம். குறைத்துச் சீவினால் சுரப்பு நின்றுபோம். பாட்டனார் நாளொன்றுக்கு முப்பது மரம் ஏறி இறங்கினாராம்.

இத்தொழில் அவர் ஆயுளிற் சட்டத்துக்கு உட்பட்டிருந்த ஆண்டுகள் மிகச் சில. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அவர் அப்போது குழந்தை. 1971-இல் விலக்கு நீங்கிற்று. 1973-இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987-இல் மீண்டும் மூடப்பட்டன. அன்று முதல் இன்றுவரை தமிழ்நாட்டிற் கள் இறக்குதல் குற்றம். எங்கள் ஊரிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்று ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை. அங்கே அதே பனையில் அதே கள்ளை உரிமம் பெற்று இறக்கலாம். 1987-க்குப் பின் பாட்டனார் கட்டட வேலைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தார். எங்கள் கடலோரத்துத் தொழிற்சாலைகளின் சுவர்கள் பலவற்றில் அவர் தோளின் உழைப்பு இருக்கின்றது.

அவர் அறிந்ததை எழுதிவைக்க விரும்பினேன். அவர் முதலில் உடன்படவில்லை. "எழுதி என்ன ஆகும் நைனா? போலீசுக்குக் காட்டவா?" என்றார். என் தாயார் அவரினும் வன்மையாக மறுத்தார். என் தாய்மாமன், கடைப்புட்டி மதுவுக்கு அடிமையாகி, 34-ஆம் வயதில் இரண்டு பெண்குழந்தைகளை விட்டு இறந்தார். அக்குழந்தைகளுள் மூத்தவள் எங்கள் வீட்டில் வளர்கின்றாள். "இந்த வீட்டிலே அந்தப் பேச்சு வேண்டாம். அவள் காதிலே விழக்கூடாது" என்றார் தாயார். அவர்க்கு நான் எதிர்மொழி கூறவில்லை. அவர் அழுகைக்கு முன் டயஸ்டேஸும் ஹாப்ஸும் என்ன செய்யும்? 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்டபோது, எங்கள் தெருவில் அச்செய்தியைத் தாயாரினும் கலங்கிப் படித்தவர் இல்லை.

இஃதிங்ஙனமாகத் தாயார் பக்கமோ பாட்டனார் பக்கமோ என்று என்னைக் கேட்பாரும் உளர். சில நாள் எண்ணியபின் நான் கண்டது இது. தாயார் வெறுப்பது ஓர் உயிரைக் குடித்த புட்டியை. பாட்டனார் காப்பது தம் கை பழகிய அறிவை. இவ்விரண்டும் ஒன்றல்ல. கள்ளுக்கடை திறக்கவேண்டுமா என்பது அரசினரும் மக்களும் ஆராயவேண்டிய வேறொரு வழக்கு. கள்ளிற் கலப்படம் செய்து உயிரைக் கெடுத்தோரும் நம் நாட்டில் இருந்தனர் என்பதை மறைத்தலாகாது. ஆனால், விலக்கப்பட்ட தொழிலென்பதற்காக அதன் அறிவும் அழியவேண்டும் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. கிராமத்துக் குடியானவன் மதுவைப் பழிக்கும் நாமே, ஸ்காட்லாந்து ஆலைக்காரன் மதுவைப்பற்றி அச்சிட்ட நூலை நூலகத்தில் மதிப்போடு வைத்துக் காக்கின்றோம். ஆலைக்காரனுக்கு ராபர்ட்ஸ் கிடைத்தார்; வலைஞனுக்கு உருத்திரங்கண்ணனார் கிடைத்தார்; பனையேறிக்கு யாரும் கிடைத்திலர்.

இதனைத் தாயாரிடம் தெளிவாகச் சொன்னேன். எழுதும் குறிப்பேட்டைக் கல்லூரி விடுதியிலேயே வைத்துக்கொள்வேன், வீட்டிற்குக் கொணரேன் என்றும் உறுதி கூறினேன். அவர் விடையொன்றும் கூறவில்லை. ஆயினும் மறுநாட் காலையில் பாட்டனாருக்கும் எனக்கும் திண்ணைக்கே கேழ்வரகுக் கூழ் கொணர்ந்து வைத்துவிட்டு உள்ளே சென்றார். அதனை உடன்பாடாகவே கொண்டேன்.

பத்து நாளில் 46 பக்கம் நிரம்பின. எவ்வெத் திங்களில் எம்மரம் சுரக்கும், ஆண்பனையின் பாளையை எங்ஙனம் கட்டுவது, பெண்பனையின் பாளையை எங்ஙனம் நசுக்குவது, ஒரு கலயம் நிறைய எத்தனை நாழிகை, சுண்ணாம்பு எவ்வளவு, மழை பெய்த மறுநாள் என்ன செய்வது என்பனவெல்லாம் அவற்றிலுள்ளன. ராபர்ட்ஸின் அட்டவணையைப் பார்த்து நானும் திங்கள்வாரியாக ஓர் அட்டவணை வரைந்தேன். வாசித்துக் காட்டியபோது பாட்டனார் ஆனித்திங்களின் கட்டத்தில் விரலை வைத்து, "இங்கே கால் குறைச்சு எழுது, ஆனியிலே காத்து அடிக்கும், சுரப்பு குறையும்" என்றார். திருத்தினேன்.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள் தறிநெய்வோர், உப்பளத்தார், செங்கல் சூளையார், படகு கட்டுவோர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உளர். தந்தையும் பாட்டனும் அறிந்தவற்றை நாம் பெரும்பாலும் வெட்கத்தோடு மறைக்கின்றோம். அல்லது பெருமையோடு கதையாக்குகின்றோம். இரண்டும் வேண்டா. அளவு இவ்வளவு, காலம் இவ்வளவு, காரணம் இது என்று கேட்டு எழுதுதலே வேண்டுவது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் உடன்கொண்டு செல்லுமாறு நண்பர்களை வேண்டிக்கொள்கின்றேன். கேட்கவேண்டியவர்கள் நமக்காக நெடுநாள் காத்திருக்கமாட்டார்கள்.